குரோம் பளபளப்பு வீலில் ஒட்டிய பிரேக் தூசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமுளி மலைப்பாதையில் ஏறி இறங்கும் கார்களைப் பார்த்தால் தெரியும், முன்வீல் இரண்டும் கறுத்துக் கிடக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவினால் பாதி போகும். மீதி பழுப்புப் புள்ளியாக அப்படியே நிற்கும். கம்பம், கூடலூர், குமுளி பக்கம் வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் பற்றிக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால், மூன்றாவது கேள்வியை மட்டுமாவது படித்துவிட்டு அப்புறம் கிளீனர் பாட்டிலைத் திறங்கள்.

1. இந்தக் கறுப்புத் தூசி எங்கிருந்து வருகிறது? சாதாரணத் தூசி போலக் கழுவினால் ஏன் போவதில்லை?

பிரேக் மிதிக்கும்போது, வீலோடு சுற்றும் டிஸ்க் என்ற தட்டும் அதை இறுக்கிப் பிடிக்கும் பேடும் உரசி இரண்டுமே தேய்கின்றன. பேடிலிருந்து கிராஃபைட், உலோக நார், இவற்றையெல்லாம் சேர்த்துப் பிடித்திருக்கும் பிசின் ஆகியவை உதிர்கின்றன. டிஸ்க் வார்ப்பிரும்பு, அதிலிருந்து உதிர்வது பொடி இரும்பு. இந்தத் தூள் சூடாகவே வந்து வீலில் விழுகிறது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் வீலும் நன்றாகச் சுட்டிருக்கும், தூள் அதில் பதிந்துவிடும்.

அதற்குமேல் ஈரம். குமுளியில் சாரல், கீழே இறங்கினால் வெயில், இரவில் பனி. பதிந்த இரும்புத் துகள் ஈரத்தில் துருப்பிடித்து, பருத்து, மேற்பூச்சைக் கவ்விக்கொள்கிறது. நீங்கள் பார்க்கும் ஆரஞ்சுப் புள்ளி அதுதான். ஷாம்பூ அழுக்கையும் எண்ணெயையும் எடுக்கும், துருவைக் கரைக்காது. அதனால்தான் எவ்வளவு நுரை போட்டாலும் புள்ளி நகர்வதில்லை.

2. முன்வீலில் மட்டும் ஏன் இவ்வளவு?

பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது, நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். தவிர, நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் பின்னால் இருப்பது டிரம் பிரேக். அதன் தூள் டிரம்முக்குள்ளேயே தங்கிவிடும்.

3. என் வீல் குரோம்தானே? எந்த வீல் கிளீனர் வாங்கட்டும்?

பளபளப்பதெல்லாம் குரோம் இல்லை. தூசியை எடுப்பதைவிட முக்கியமான கேள்வி இது. ஏனென்றால் தூசியால் கெட்ட வீலைவிடத் தப்பான திரவத்தால் கெட்ட வீல்தான் அதிகம். கடையில் "குரோம் வீல்" என்று விற்பதற்குள் குறைந்தது ஐந்து வகை இருக்கிறது.

முதலாவது நிஜக் குரோம் முலாம். அடியில் நிக்கல், அதன்மேல் ஒரு மைக்ரானுக்கும் குறைவான குரோமியம். கண்ணாடிபோல் முகம் தெரியும், லேசான நீலச் சாயல் இருக்கும். குரோமியம் கடினமானது, ஆனால் படலம் மிக மெல்லியது. இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, டைமண்ட் கட் அலாய். கம்பெனியிலிருந்து வரும் கார்களில் நாம் அதிகம் பார்ப்பது இதைத்தான். அலுமினிய முகத்தை லேத்தில் கடைந்து, மேலே நிறமில்லாத லேக்கர் பூசியிருப்பார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கிராமபோன் தட்டு போல நுண்ணிய வட்டக் கோடுகள் தெரியும். இங்கே நீங்கள் தொடுவது உலோகத்தை இல்லை, லேக்கரை.

மூன்றாவது, வெள்ளி அல்லது குரோம் நிறப் பெயின்ட். இதற்குமேலும் பெரும்பாலும் கிளியர் கோட் எனப்படும் நிறமில்லாத பூச்சு இருக்கும். நான்காவது, பி.வி.டி. எனப்படும் வெற்றிடப் பூச்சு. பார்க்க நிஜக் குரோம் மாதிரியே இருந்தாலும் உலோகப் படலத்தின் மேலும் கீழும் பூச்சுகள் உண்டு. ஐந்தாவது, இரும்பு ரிம்மின்மேல் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் வீல் கப். இதில் நகத்தால் தட்டினாலே சத்தம் சொல்லிவிடும்.

பாலிஷ் மட்டும் போட்டு, மேலே எதுவும் பூசாத அலுமினியமும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க, வீலின் உள்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வெள்ளைத் துணியில் துளி மெட்டல் பாலிஷ் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். துணி கன்னங்கரேல் என்று ஆனால் அது வெறும் அலுமினியம். துணி கறுக்கவில்லை என்றால் மேலே பூச்சு இருக்கிறது, அல்லது நிஜக் குரோம். தூசியைக் கழுவிய பிறகு இதைச் செய்யுங்கள், இல்லையென்றால் பிரேக் கரியே துணியைக் கறுப்பாக்கி ஏமாற்றும்.

உறுதியாகத் தெரியவில்லையா? லேக்கர் பூசியது என்றே வைத்துக்கொண்டு நடங்கள். அதற்குப் பொருந்துவது மற்றவற்றையும் அநேகமாகக் கெடுக்காது. வெறும் அலுமினியத்தில் மட்டும் எதையும் ஓரமாகச் சோதித்த பிறகுதான் போட வேண்டும்.

4. சரி, எப்படிக் கழுவுவது? முதலிலிருந்து சொல்லுங்கள்.

வண்டி நிழலில் இருக்க வேண்டும், வீல் கையால் தொட்டால் சுடக் கூடாது. பாடியைக் கழுவும் முன்பே வீலை முடித்துவிடுங்கள். வீலுக்குத் தனி வாளி, தனித் துணி. வீல் வாளியில் ஊறிய துணியில் இரும்புத் துகள் இருக்கும், அதே துணியால் பானட்டைத் துடைத்தால் கோடு கோடாகக் கீறும்.

முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி மேலோட்டமான தூளை இறக்குங்கள். காய்ந்த தூளைத் துணியால் துடைப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமம். பிறகு சாதாரணக் கார் ஷாம்பூவை, அதாவது அமிலமோ காரமோ இல்லாத, பி.எச். அளவு 7-ஐ ஒட்டியதை, நுரைத்துப் போட்டு மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். நட்டுக் குழிகளுக்கு மென்முடிப் பெயின்ட் பிரஷ்ஷே போதும். அதன் தகரப் பட்டையின்மேல் டேப் சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கழுவும்போதே கீறிவிடுவீர்கள். ஆரக்கம்பிகளின் பின்பக்கத்தையும் உள்வளையத்தையும் விட்டுவிடாதீர்கள். அங்கே கிடப்பது அடுத்த மழையில் முகப்புக்கு வந்து சேரும்.

தண்ணீர் விட்டு அலசிய பிறகும் பழுப்புப் புள்ளி நின்றால் அப்போதுதான் இரும்பு நீக்கி, அதாவது பதிந்த இரும்புத் துகளைக் கரைக்கும் தெளிப்புத் திரவம். ஒவ்வொரு வீலாகப் போடுங்கள். நான்குக்கும் அடித்துவிட்டு முதல் வீலுக்கு வந்தால் அங்கே காய்ந்திருக்கும். தெளித்து மூன்று, நான்கு நிமிடம், அல்லது பாட்டிலில் போட்டிருக்கும் நேரம். பிரஷ்ஷால் லேசாகக் கிளறிவிட்டு நிறையத் தண்ணீர். பிடிவாதக் கறைக்கு ஒரே தடவை அரை மணி ஊற வைப்பதைவிட, அளவான நேரத்தில் இரண்டு தடவை போடுவது நல்லது.

அதற்கும் மசியாத புள்ளிக்குக் கிளே பார் இருக்கிறது. ஷாம்பூத் தண்ணீரை வழுக்கலுக்கு விட்டு, களிமண் போன்ற அந்தக் கட்டியை அழுத்தாமல் ஓட்டினால் துகளைப் பிடுங்கிக்கொண்டு வரும். கட்டியை அடிக்கடி மடித்துப் புது முகம் எடுங்கள். கீழே விழுந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

கடைசியில் மைக்ரோஃபைபர் துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டி நான்கைந்து முறை பிரேக் பிடித்து டிஸ்க்கை உலர்த்துங்கள். இதை விட்டுவிட்டு நேராக மலை இறங்கப் போகக் கூடாது. மறுநாள் காலை டிஸ்க்கின்மேல் மெல்லிய துரு தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது வார்ப்பிரும்பின் சுபாவம். இரண்டு பிரேக்கில் போய்விடும்.

5. தெளித்ததும் ஊதாவாக வழிகிறதே, வீல் பெயின்ட் கரைகிறதா?

இல்லை. இரும்பு நீக்கியில் இருக்கும் தையோகிளைக்கோலேட் என்ற பொருள் இரும்போடு சேரும்போது வரும் நிறம் அது. ஊதா அதிகம் என்றால் இரும்பு அதிகம், அவ்வளவுதான். மற்றபடி கரித்தூளும் பிசினும் நிறம் மாறாது, ஆகவே ஊதா வரவில்லை என்பதால் வீல் சுத்தம் என்று அர்த்தமில்லை.

அழுகிய முட்டை வாடை அடிக்கும். முடி நீக்கும் கிரீமில் இருப்பதும் இதே குடும்பத்துப் பொருள்தான். அதைப் படித்துவிட்டு "அப்போ அந்த கிரீமையே தடவலாமா" என்று யாராவது கேட்பார்கள், கூடாது. அந்த கிரீம் கடுமையான காரம், அலுமினியத்தை அரிக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

6. அண்ணே, வாட்டர் சர்வீஸில் ஏதோ ஆசிட் அடித்து இரண்டே நிமிடத்தில் வெள்ளையாக்கித் தருகிறார்கள். அதையே வாங்கி அடிக்கலாமா?

வேண்டாம். வெளிச்சமாக ஆனது உண்மைதான், என்ன கரைந்து வெளிச்சமானது என்பதுதான் கேள்வி. கழிப்பறை கழுவும் திரவங்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். குரோமியத்தை அது நேரடியாகக் கரைக்கும். குரோம் போன இடம் லேசான மஞ்சளாகத் தெரியும். அது அடியில் இருக்கும் நிக்கல். அப்புறம் எந்தப் பாலிஷும் அந்த நீலப் பளபளப்பைத் திருப்பித் தராது, மறுபடி முலாம் போட வேண்டும்.

இன்னொரு வகை, ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அமோனியம் பைஃபுளோரைடோ கலந்தது. வீலைப் பற்றிப் பேசவே தேவையில்லை, ஆளைப் பற்றிப் பேச வேண்டிய சரக்கு இது. தோலில் பட்ட உடனே வலி தெரியாமல் போகலாம். உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், என்ன அமிலம் என்பதைச் சொல்லுங்கள். பெயர் ஒட்டாத கேனில் இருந்து எதையும் உங்கள் வீலில் அடிக்க விடாதீர்கள். வெறுங்கையோடு அதை அடிக்கும் பையனிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.

காரத்திலும் இதே எச்சரிக்கை. காஸ்டிக் சோடா, சலவைச் சோடா இரண்டும் அலுமினியத்தை மங்கலாக்கும்.

7. புளி, எலுமிச்சை, சாம்பல், பற்பசை?

புளியும் எலுமிச்சையும் பித்தளைக் குத்துவிளக்குக்கு நல்லவை. வீலில் துருவைக் கொஞ்சம் இளக்கும், ஆனால் லேக்கர் விரிசல் விட்ட இடம் இருந்தால் அதற்குள் புகுந்து அலுமினியத்தில் கறை வைக்கும். சாம்பலும் பற்பசையும் தேய்ப்பான்கள், லேக்கரைப் புகைமூட்டமாக்கிவிடும். சமையலறையை விட்டுவிடுங்கள்.

8. பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் போடலாமா? அலுமினியத் தாள் நல்லது என்கிறார்களே?

கம்பி நார் எந்த வீலுக்கும் ஆகாது. கீறுவது ஒருபுறம், உடைந்த இரும்புத் துணுக்கு சந்தில் தங்கித் துருப்பிடித்து, எடுக்க வந்த கறையைப் புதிதாக உண்டாக்கும்.

சாப்பாடு கட்டும் அலுமினியத் தாள் விஷயம் உண்மைதான், ஆனால் நிஜக் குரோம் முலாமுக்கு மட்டும். அலுமினியம் குரோமியத்தைவிட மிக மென்மையானது. தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் துருப்புள்ளியின்மேல் தேய்த்தால் துரு கழன்று வரும். அப்படியும் முதலில் ஓரத்தில் முயன்று பாருங்கள். லேக்கர், பெயின்ட், பி.வி.டி., பிளாஸ்டிக் நான்கிலும் தொடவே கூடாது.

9. மலை இறங்கி லோயர் கேம்ப் வந்ததும் வீல் புகைகிற மாதிரி இருக்கிறது. உடனே தண்ணீர் ஊற்றலாமா?

கூடவே கூடாது. நீண்ட இறக்கத்துக்குப் பிறகு டிஸ்க் நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில் இருக்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் சீரில்லாமல் சுருங்கிக் கோணலாகலாம், விரிசல் விடலாம். அப்புறம் பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் உதறும். வண்டியை ஓரங்கட்டி, ஒரு டீ குடித்து, ஆற விடுங்கள். புகையும் கருகல் வாடையும் வந்தால் அது கழுவும் பிரச்சினை இல்லை, பிரேக் அளவுக்கு மீறிச் சுட்டிருக்கிறது. ஆறும்வரை ஓட்டவே வேண்டாம்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இறக்கத்தில் இரண்டாவது கியரில் இறங்கினால் வண்டியை இன்ஜின் பிடிக்கும், பிரேக்குக்கு வேலை குறையும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய லாரிக்காரர்கள் சொல்வது இதைத்தான். ஆட்டோமேட்டிக் என்றால் எல் அல்லது மேனுவல் நிலை. நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிப்பவர்களின் வீலைப் பார்த்தாலே சொல்லிவிடலாம், அவ்வளவு கறுப்பு! கம்பம் மெட்டு வழியாக ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போய்வரும் ஜீப் ஓட்டுநர்கள் பலர் கியரைக் கொண்டே இறங்குவார்கள். உயிருக்கும் அதுதான் பாதுகாப்பு. வீல் சுத்தம் கூடுதல் லாபம்.

10. போர் தண்ணீரில் கழுவினால் வெள்ளைத் திட்டு நிற்கிறது.

உப்புத் தண்ணீர் காய்ந்தால் சுண்ணாம்பு தங்கும். காயவிடாமல் துடைப்பதே வழி. தங்கிவிட்டால் வெள்ளை வினிகரை அதே அளவு தண்ணீரில் கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி, உடனே நல்ல தண்ணீரில் அலசுங்கள். பூச்சில்லாத அலுமினியத்துக்கும் லேக்கர் விரிசல் விட்ட வீலுக்கும் இது வேண்டாம்.

11. ஆற்றில் இறக்கிக் கழுவலாமா?

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைத்தான் இந்த மாவட்டம் குடிக்கிறது. இரும்பு நீக்கி, ஷாம்பூ, பிரேக் உலோகத் தூள் எல்லாம் நேரே அதில் கலக்கும். மண் தரையில், ஆற்றுக்கும் கிணற்றுக்கும் தள்ளி, வாளியில் கழுவுங்கள்.

12. திராட்சைத் தோட்டத்துக்குப் போய்வரும் வண்டி. வீலில் நீலமும் வெள்ளையுமாகத் திட்டு. இதுவும் பிரேக் தூசியா?

இல்லை, பெரும்பாலும் போர்டோ கலவை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்துக் கொடிக்கு அடிக்கும் மருந்து காற்றில் வந்து படிந்திருக்கும். இதைச் சாதாரணமாக விடாதீர்கள். தாமிர உப்பு ஈரத்தோடு அலுமினியத்தைத் தொட்டால் குழி விழ அரிக்கும். லேக்கர் முழுதாக இருந்தால் பரவாயில்லை, கல்பட்டு உதிர்ந்த இடம் இருந்தால் அங்கே ஆரம்பிக்கும். அன்றைக்கே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். இரும்பு நீக்கி இதற்கான மருந்து இல்லை.

13. லேக்கருக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்த மாதிரி கோடு. எதைப் போட்டாலும் போகவில்லை.

போகாது. அது அழுக்கில்லை, லேக்கருக்குள் ஈரம் புகுந்து அலுமினியம் அரிக்கும் தடம். பழைய லேக்கரை எடுத்து, மறுபடி கடைந்து, புதிதாகப் பூச வேண்டும். கடையும் ஒவ்வொரு முறையும் உலோகம் குறைவதால் எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்ய முடியாது. அழுத்தத் தண்ணீர்க் குழாயை லேக்கர் கிளம்பிய விளிம்பில் காட்டினால் லேக்கர் தாள் தாளாக உரியும், ஒரு முழம் தள்ளியே பிடியுங்கள்.

14. மாலை போட்டு எரிமேலி போய்வந்தோம். பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம் வீலில் கறையாக நிற்கிறது.

ஷாம்பூவில் போகாத மஞ்சள் சாயல், வெயிலில் சில நாள் நின்றால் தானாக வெளிறும். சந்தனத்திலும் குங்குமத்திலும் சேர்த்திருக்கும் மஞ்சளின் நிறம் வெயில் தாங்காது. சாயக் குங்குமம் என்றால் அவ்வளவு எளிதாகப் போகாது, கிளே பார் போட்டுப் பாருங்கள். கார்த்திகை முதல் தை பிறக்கும் வரை நெரிசலில் நின்று நின்று மலை இறங்கிய வண்டி என்றால் சந்தனத்தைவிடப் பிரேக் தூசியே பெரிய வேலை. ஒவ்வொரு பயணம் முடிந்ததும் ஆறவைத்து வெறும் தண்ணீராவது அடித்துவிடுங்கள்.

15. மறுபடி படியாமல் இருக்க என்ன செய்யலாம்?

படியாமல் இருக்காது, ஒட்டாமல் இருக்கச் செய்யலாம். நன்றாகச் சுத்தம் செய்து உலர்ந்த வீலில், சூடு தாங்கும் வீல் சீலன்ட் அல்லது செராமிக் கோட்டிங் பூசினால் தூள் நேரடியாகப் பூச்சைக் கவ்வாது. அடுத்த முறை ஷாம்பூவிலேயே இறங்கும். சாதாரண மெழுகு மலைப்பாதைச் சூட்டில் சீக்கிரம் போய்விடும். எதைப் பூசினாலும் டிஸ்க்கின்மேல் ஒரு துளி படக் கூடாது. டயர் பளபளப்பு எண்ணெயும் அப்படியே.

பேட் மாற்றும் நேரம் வந்தால் செராமிக் வகையைக் கேட்டுப் பாருங்கள். தூள் குறைவு, நிறமும் வெளிர். ஆனால் உங்கள் காருக்குப் பொருத்தமானதாக, நல்ல கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும். வீல் அழகுக்காகப் பிரேக்கில் சமரசம் செய்யாதீர்கள்.

16. பட்டறையில் காற்றுக் குழாயால் தூசியை ஊதிவிடுகிறார்கள். சரியா?

தப்பு. நுண்தூள் நுரையீரலுக்குப் போகும், பழைய அல்லது மட்டமான பேடாக இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம். நனைத்துத் துடைக்கச் சொல்லுங்கள். ஐரோப்பாவில் யூரோ 7 என்ற வாகன மாசு விதியில் பிரேக் தூசிக்கே வரம்பு வைத்துவிட்டார்கள்: பெரும்பாலான கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு எலெக்ட்ரிக் கார்களுக்கு 3. மோட்டாரே வேகத்தைக் குறைப்பதால் எலெக்ட்ரிக் காரில் தூசி குறைவு என்பதும் இதிலிருந்து தெரியும்.

17. நான்கில் ஒரு முன்வீல் மட்டும் அதிகம் கறுக்கிறது.

கழுவுவதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள். காலிப்பர் (பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும் பாகம்) அல்லது அது நகர்ந்து கொடுக்கும் ஸ்லைடு பின் இறுகி, பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டிருக்கலாம். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இரண்டு முன்வீலின் அருகிலும் கையை நீட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் சந்தேகமே இல்லை. இதோடு மலை இறங்கக் கூடாது.

18. கேரளாப் பதிவு பழைய கார் ஒன்று பார்க்கிறோம். வீல் புதுசு மாதிரி மின்னுகிறது. நம்பலாமா?

முகப்பைப் பார்க்காதீர்கள், உள்வளையத்தைப் பாருங்கள். உள்ளே கெட்டிக் கரி படிந்து, வெளியே மட்டும் கண்ணாடியாக இருந்தால் அமிலம் அடித்திருக்கலாம், அல்லது குழி விழுந்த வீலுக்குமேல் குரோம் ஸ்பிரே அடித்திருக்கலாம். வால்வு ஓரத்திலும் நட்டுக் குழிக்குள்ளும் பெயின்ட் வழிந்திருக்கிறதா, டயர் விளிம்பில் வெள்ளித் தீற்றல் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அங்கங்கே மஞ்சளாகத் தெரிந்தால் மேலே ஆறாவது கேள்வியில் சொன்ன நிக்கல்தான். வீலுக்காகக் காரை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, மறுமுலாம் செலவைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள். அப்படியே டிஸ்க்கின் விளிம்பில் விரலை வைத்துப் பாருங்கள், படி மாதிரி தட்டுப்பட்டால் டிஸ்க்கும் தேய்ந்திருக்கிறது. அதற்கும் சேர்த்துக் குறையுங்கள்.